பத்தரை அடித் தூண்டில் நமக்கு எதற்கு?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த என் மகன், ஓய்வு பெற்ற அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு தூண்டில் கோல் கொண்டு வந்தான். பத்தரை அடி நீளம், இரண்டு துண்டு, கிராபைட். அங்கே ஆறுகளில் சால்மன், ஸ்டீல்ஹெட் பிடிக்க வைத்திருப்பது. நம் சங்க அன்பர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளிடமும் கேட்கப் போவதாகச் சொன்னார்கள். தயவு செய்து கேட்காதீர்கள்.

அந்த நீளத்துக்குக் காரணம் ஓடும் தண்ணீர். நரம்பு நீரில் படிந்தால் வேகம் அதை இழுத்துக் கொண்டு போகும். இரை இயல்பாக மிதந்து வராது. நீளக் கோல் நரம்பைத் தூக்கிப் பிடிக்கிறது. நமக்கு அப்படி என்ன ஓடுகிறது? கடலிலிருந்து ஆறேறி வரும் நம் 'சால்மன்' இலிஷ் மீன்தான். அதுவோ நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது. தூண்டிலை ஏறெடுத்தும் பார்க்காது. மற்றபடி ரூயி, காத்லா, மிருகேல் எல்லாம் காசு கட்டி உட்காரும் குளத்தில். மூங்கில் மாச்சாவில் அமர்ந்து, தலைக்கு மேல் மாமரக் கிளை இருக்க, பத்தரை அடியை எங்கே வீசுவது?

இவையெல்லாம் சின்ன அசௌகரியங்கள். பெரிய விஷயம் வேறு. கிராபைட் என்பது கரி; மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்ரயிலின் கூரையில் கம்பியை உரசிச் செல்லும் சட்டத்தில் கரிப்பட்டை வைப்பதே அதனால்தான். முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் பாருய்பூர் பக்கம் ஒரு குளத்திலிருந்து திரும்பும்போது, கோர்த்த நரம்பைக் கழற்றச் சோம்பல்பட்டு, கோலை முழுசாகப் பிடித்தபடி பிளாட்பாரத்தில் நின்றேன். ஜால்முரி விற்கும் பையன் ஒருவன் "தாது, நாமான்!" என்று கத்தி என் கையைப் பிடித்து இறக்கினான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தண்டவாளத்துக்கு மேல் பிளாட்பாரம் 0.84 மீட்டர், என் கை 1.5, கோல் 3.2. கூட்டினால் 5.54. மின்கம்பி இருப்பதும் ஏறக்குறைய அதே உயரத்தில்! அதில் 25,000 வோல்ட். இரண்டு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று கலாசிகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். அன்றிரவு தூக்கம் வரவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

வாங்குவதானால் இங்கேயே ஏழடி ஃபைபர் கிளாஸ் கோல், இரண்டு துண்டாகப் பிரிவது, போதும். பழைய மூங்கில் 'சிப்' கிடைத்தால் எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் நனைந்த மூங்கிலும் மின்சாரத்துக்குக் காப்பல்ல. எதுவானாலும் பிரித்து உறையில் போட்டுத்தான் கிளம்ப வேண்டும். மிதவைக்கு மயிலிறகின் தண்டை மிஞ்சியது இல்லை. லேசாகத் தொட்டாலும் காட்டிக் கொடுக்கும்.

செலவு செய்ய ஆசைப்பட்டால் வீலில் செய்யுங்கள். 12 பவுண்டு நரம்பென்றால் 4 பவுண்டு இழுப்பிலேயே வீல் வழுக்கி நரம்பை விட வேண்டும். சுருள்வில் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இறுக்கி வைத்து நரம்பு அறுந்தால் நமக்கு ஒரு முள்தான் நஷ்டம். மீனோ அதை வாயில் சுமந்துகொண்டு திரியும்.