உலைக்கு ஊட்டும் கை

வெள்ளவத்தையில் வதியும் அன்னையார் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வயது 12. பாடசாலை விட்டு வந்ததும் கணினியின் முன் அமர்ந்து, "மைன்கிராப்ட்" என்னும் விளையாட்டில் மூழ்கிவிடுகிறானாம். என்ன செய்கிறாய் என்று கேட்டால், "உலைக்குத் தானாகவே கரி போகும்படி செய்கிறேன்" என்று விடையிறுக்கிறானாம். "கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கித் தராத பிள்ளைக்கு இதென்ன உலை வேலை? இதனால் அறிவு வளருமா, அல்லது காலந்தான் கழியுமா?" என்பது அன்னையாரின் வினா.

வினா நியாயமானதே. ஆயினும் விடை கூறுமுன் அந்த உலை எத்தகையது என்று அறிந்துகொள்வது முறையன்றோ? பிள்ளைகளின் விளையாட்டைப் பாராமலே தீர்ப்புச் சொல்வது பெரியோர்க்கு எளிதாக வந்துவிடுகிறது.

சுவீடன் தேசத்தவரான மார்க்கஸ் பேர்சன் என்பார் 2009 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட விளையாட்டு இது. 2011 நவம்பரில் முழு வடிவம் பெற்றது. 2014 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் இதனை ஆக்கிய மொஜாங் நிறுவனத்தை 250 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கினர். இவ்விளையாட்டின் உலகம் முழுவதும் சதுரக் கட்டிகளால் ஆனது. உயிர் பிழைத்தல் என்னும் முறையில் ஆடுவோன் வெறுங்கையனாக ஒரு காட்டிலோ மேட்டிலோ விடப்படுகிறான். மரம் தறிக்க வேண்டும். கல் உடைக்க வேண்டும். இருள் சூழுமுன் ஒரு குடிலேனும் கட்ட வேண்டும். ஒரு பகலும் இரவும் சேர்ந்து அங்கே 20 நிமிடந்தான். இரவில் பூதங்கள் வரும். ஆதலால் அவ்வுலகில் நேரம் பெரும் பொருள்.

இரும்புத் தாதைத் தோண்டி எடுத்தாலும் அதனை உருக்கினாலன்றி ஆயுதமோ கவசமோ செய்தல் இயலாது. உருக்குவதற்கு 8 கற்கட்டிகளால் ஓர் உலை அமைக்கிறார்கள். தாதுக்கு மேலே ஓர் இடம், எரிபொருளுக்குக் கீழே ஓர் இடம், உருகிய பொருளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் என அவ்வுலைக்கு மூன்று அறைகள். ஒரு தாது உருக 10 விநாடி ஆகும். ஒரு நிலக்கரித் துண்டு 8 தாதுக்களை உருக்கும். 64 தாதுக்கள் உருக வேண்டுமாயின் 640 விநாடி, அதாவது ஏறக்குறைய 11 நிமிடம் செல்லும். ஒரு நாளின் பாதிக்கு மேல்! தாது தீர்ந்ததா, கரி குறைந்ததா என்று பார்த்தவண்ணம் உலையருகே நின்றுகொண்டிருப்பவன் வேறெந்தக் கருமத்தை ஆற்றுவான்?

இந்த இடையூற்றை நீக்க வந்த பொருளே ஹொப்பர். 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதம் இவ்விளையாட்டில் சேர்க்கப்பட்டது. மிளகாயும் மல்லியும் திரிப்பிக்க மில்லுக்குப் போனவர்கள், இயந்திரத்தின் தலைமேல் அகன்ற வாயும் ஒடுங்கிய அடியுமாக ஒரு தகரத் தொட்டி இருக்கக் கண்டிருப்பார்கள். அதுவேதான் இது. ஆனால் இலங்கையில் ஆங்கிலம் பேசுவோர் அப்பத்தையும் ஹொப்பர் என்றே அழைப்பதனால், நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. "ஹொப்பர் செய்ய அஞ்சு இரும்பு வேணும் அம்மம்மா" என்று பேரன் சொல்ல, "அப்பத்துக்கு இரும்பேன் ராசா? தாச்சி ஒண்டு போதுமே!" என்றாராம் கிழவியார்.

உண்மையில் 5 இரும்புப் பாளங்களும் ஒரு மரப்பெட்டியும் சேர்ந்தால் ஒரு ஹொப்பர். தனக்கு மேலேயுள்ள பெட்டியிலிருந்து பொருள்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தன் மூக்கு நோக்கும் திசையிலுள்ள பாத்திரத்துள் இடுவது அதன் தொழில். இப்பொழுது அமைப்பைக் கவனியுங்கள். உலையின் தலைமேல் ஒரு ஹொப்பர். அதன்மேல் தாதுப் பெட்டி. உலையின் விலாவில் மூக்கு உலையை நோக்கும்படி இன்னொன்று. அதன்மேல் கரிப் பெட்டி. உலையின் அடியில் மூன்றாவது. அது உருகிய இரும்பை உறிஞ்சி வெளிப் பெட்டியில் சேர்க்கும். மேலிருந்து வந்தது தாதறைக்குள்ளும், விலாவிலிருந்து வந்தது எரிபொருள் அறைக்குள்ளும் செல்லும் என்பது விதி. பெட்டிகளை நிரப்பிவிட்டுப் பையன் வேறு வேலை பார்க்கலாம்.

இங்கே ஒரு நயம் உண்டு. மூன்று ஹொப்பர்களுக்கு 15 இரும்புப் பாளங்கள் வேண்டும். அந்தப் பதினைந்தையும் உலையருகே நின்று கையால் ஊட்டித்தான் உருக்கியாக வேண்டும். கையை ஓய்விக்கும் இயந்திரத்தைக் கைதான் முதலில் செய்து கொடுக்கிறது.

கணக்கும் உண்டு. ஹொப்பர் ஒரு பொருளை நகர்த்த 0.4 விநாடி எடுக்கும். உலையோ ஒரு பொருளை உண்ண 10 விநாடி எடுக்கும். ஆகவே ஒரு ஹொப்பரின் ஓட்டம் 25 உலைகளுக்குப் போதும். இதனைக் கண்டுகொண்ட பிள்ளைகள் உலைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் தண்டவாளமிட்டு, ஹொப்பர் பூட்டிய சிறு வண்டியொன்றை ஓடவிட்டு எல்லா உலைகளுக்கும் பங்கிடுகிறார்கள். வகுத்தலும் விகிதமும் வேம்பென்று ஓடும் மாணவர்கள்தாம் இதனைச் செய்கிறார்கள் என்பது வியப்பு.

அன்னையாரின் கடிதத்தினடியில் பென்சிலால் இரண்டு வரி இருந்தது. கையெழுத்தைப் பார்த்தால் பையனுடையதுதான். கரியும் தாதும் பெட்டி நிறைய இருந்தும் சிலவேளை உலை அணைந்து கிடப்பது ஏன் என்று கேட்டிருக்கிறான். தம்பி, இரண்டு காரணங்கள் இருக்கலாம். எரிபொருள் அறையின் வாயில் காவல் உண்டு. எரியாத பொருளை அது உள்ளே விடாது. தாதறைக்கு அத்தகைய காவல் இல்லை. மேற்பெட்டியில் தவறுதலாக ஒரு மண்கட்டி கிடந்தால் ஹொப்பர் அதனையும் கொண்டுபோய் உலைக்குள் போட்டுவிடும். மண் உருகாது, அதன் பின்னே நிற்கும் நல்ல தாதும் நகராது. கையால் எடுத்தெறிந்தாலன்றி வழியில்லை. இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. ஆடுவோனைச் சூழ்ந்த நிலப்பரப்பை மட்டுமே அவ்வுலகம் இயக்கிக்கொண்டிருக்கும். நீ நெடுந்தூரம் சென்று சுரங்கம் தோண்டுகையில் உன் உலை உறங்குகிறது. தோண்டுமிடத்தருகே உலையை அமைத்துப் பார்.

அன்னையாருக்கு நாம் கூறுவது இது: பிள்ளையை அழைத்து, அவ்வுலை ஏன் எரிகிறது, ஏன் அணைகிறது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். தன் சொல்லில் விளக்குவானாயின் அவன் பொறியியலின் அரிச்சுவடியைக் கற்கிறான். பரீட்சை நெருங்காத காலத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் நட்டமில்லை. எவரோ செய்து காட்டியதைப் பார்த்துக் கட்டியடுக்கிவிட்டு, காரணம் கேட்டால் விழிப்பானாயின், அன்னையார் ஐயுற்றது சரியே. ஆனால் விளக்கத்தைக் கேட்கும் பொறுமை நமக்கும் வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

நிற்க. இவ்விளையாட்டில் ஒரு குறையும் கண்டோம். பையனின் உலைக்குப் பக்கத்தில் அதற்குமுன் எவரும் நின்றதில்லை. மெய்யுலகில் நின்றார்கள்.

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒலிவர் எவன்ஸ் என்பார் தானாக இயங்கும் மாவு ஆலையை வகுத்தார். அதற்குமுன், கல்லிலிருந்து சூடும் ஈரமுமாக விழும் மாவை மேன்மாடிக்குச் சுமந்து சென்று கொட்டுவார்கள். அங்கே ஒரு சிறுவன் வாரியினால் அதனைப் பரப்பி ஆறவிட்டு, பின்னர் சல்லடைக்குச் செல்லும் ஹொப்பருக்குள் தள்ளிக்கொண்டிருப்பான். எவன்ஸ் அதற்கொரு சுழலும் வாரி செய்தார். அதற்கு "ஹொப்பர் பையன்" என்றே பெயரிட்டார். 1790 இல் ஐக்கிய அமெரிக்கா அளித்த மூன்றாவது காப்புரிமை இவருடைய ஆலைக்குரியது. ஜோர்ஜ் வாஷிங்டனும் தமது ஆலையில் இம்முறையை அமைத்துக்கொண்டார். பெயரை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கூலியை ஆலைக்காரர் மிச்சம் பிடித்தார்.

கப்பல்களிலோ கதை வெம்மையானது. 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் 29 கொதிகலன்கள் இருந்தன. உலை வாயில் மண்வாரியுடன் நிற்பவர் ஒருவர். அவருக்குக் கரி கொண்டுவந்து கொடுப்பவர் இன்னொருவர். பின்னவரின் வேலை கரிக் கிடங்கினுள் இருளிலும் தூசியிலும் நின்று கரியை வெட்டித் தள்ளுவண்டியில் ஏற்றுவது. ஒரு பக்கக் கிடங்கு மட்டும் வெறுமையானால் கப்பல் சாய்ந்துவிடுமாதலால், கரியைச் சமமாக எடுத்துக் கப்பலை நிமிர்ந்து நிற்கச் செய்வதும் அவர் கடன். மேல்தளத்தில் நடனமாடியவர்கள் அவர் முகத்தைக் கண்டிரார். கரி போய் எண்ணெய் வந்ததும், குழாய் வழியே ஓடும் எரிபொருளுக்கு வண்டியும் வேண்டியிருக்கவில்லை, வாரியும் வேண்டியிருக்கவில்லை.

அக்கப்பல்களுக்குக் கரி எங்கிருந்து ஏறிற்று? கொட்டாஞ்சேனை வாசகர்கள் தம் வீட்டு மாடியில் நின்று துறைமுகத்தை நோக்கட்டும். 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1885 இல் கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்பு அணை முற்றுப்பெற்றது. அதன்பின் கிழக்கே செல்லும் கப்பல்கள் கரி நிரப்பும் பெருந்துறையாயிற்று கொழும்பு. பாதைப் படகுகளிலிருந்து பலகைப் பாலத்தின்மேல் ஏறிச் சாக்கிலும் கூடையிலும் கரி சுமந்தவர்கள் மனிதர்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர் அவர்களுள் பலர். ஆங்கிலப் பயணிகள் கப்பலின் சாளரத்தை மூடிக்கொள்வார்கள், கரித்தூசி படியாதிருக்க. 1920 இலும் 1927 இலும் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னையதற்குத் தலைமை தாங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. ஹொப்பரும் தொடர் பட்டையும் அவர்களுக்குப் பின்னரே வந்தன. அத்தொழில் ஒழிந்ததற்காக நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. மனிதன் முதுகிற்கு உகந்த தொழிலன்று அது. ஆனால் தொழில் ஒழிந்த நாளில் அடுத்த வேளைச் சோற்றுக்கு அவர்கள் எங்கே போவது என்று கணக்கிட்டவர் குறைவு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் உலர்த்தும் உலைக்கு விறகு தள்ளுவது இன்றும் கைதான்.

பையனின் உலைக்கு மிக நெருங்கிய உறவினரை நம் நாட்டில் காண விரும்புவோர் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலைக்குச் செல்ல வேண்டும். லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதற்பகுதி 2011 இலும், மற்றை இரண்டும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. பகுதியொன்று 300 மெகாவாற்று, மொத்தம் 900. ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி உண்கிறது. ஆழ்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து பாதைப் படகுகள் கரியை இறங்குதுறைக்குக் கொணரும், அங்கிருந்து தொடர் பட்டை கரிமேட்டுக்கு, கரிமேட்டிலிருந்து மேற்றொட்டிகளுக்கு, பின்னர் அரைக்கப்பட்டு மாவாகி, காற்றோடு உலைக்குள் ஊதப்படும். மனிதக் கை படும் இடம் அரிது.

ஆனால் இவ்வுலை பையனுடையதைப்போல உறங்கி விழிப்பதன்று. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்துள் ஒரு குரங்கு புகுந்ததனால் தீவு முழுவதும் மின்சாரம் அற்றது. வெள்ளவத்தையில் மின்தூக்கிகள் நின்றன, கணினிகளும் நின்றன. பிற்பகலில் ஒளி மீண்டது. நுரைச்சோலையின் மூன்று பகுதிகளும் உடனே மீளவில்லை. ஊதும் விசிறிக்கும் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் கரிப்பட்டைக்கும் முதலில் மின்சாரம் வேண்டும். பின்னர் எண்ணெயால் தீ மூட்டிச் சிறிது சிறிதாகச் சூடேற்ற வேண்டும். விரைந்தால் உலோகம் தாங்காது. ஆதலால் 10 ஆம், 11 ஆம் திகதிகளில் நாடெங்கும் ஒன்றரை மணி நேரம் முறைவைத்து மின்வெட்டு நடைபெற்றது.

பெட்டியை நிரப்புவதும் அங்கே எளிதன்று. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் அக்கடலில் படகுகள் கரி இறக்க இயலாது. ஐப்பசி தொட்டுச் சித்திரைவரை வந்து சேர்ந்த கரிதான் எஞ்சிய மாதங்களுக்கும். வைகாசியில் கொந்தளிக்கத் தொடங்கும் கடல் அடங்கும்வரை, கரையில் குவித்து வைத்த அந்தக் கருமேட்டைத்தான் பட்டை இரவும் பகலும் சுரண்டிக்கொண்டிருக்கிறது.