அடுக்களையும் அவரைக்கொடியும்

வீட்டுச் சமையலின் மகிமையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதென்று தீர்மானித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஹோட்டல் சாப்பாடு எவ்வளவுதான் ருசியாயிருந்தாலும் வீட்டுச் சமையலுக்கு ஈடாகுமா?" என்று முதல் வாக்கியமும் அமோகமாக அமைந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து என் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். காகிதத்தின்மீது ஒரு பார்வை பார்த்தாள்.

"சமையலின் இன்பத்தைப் பற்றி எழுதுகிறீர்களாக்கும்! நல்லதுதான். ஆனால் யாருடைய இன்பம்? சாப்பிடுகிறவருடையதா, சமைக்கிறவளுடையதா?" என்று கேட்டாள்.

முதல் வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

நேயர்களிடம் உண்மையை மறைப்பானேன்? ஐம்பது வயது வரையில் அடுக்களை விஷயத்தில் எனக்கிருந்த அனுபவமெல்லாம், "இன்று என்ன குழம்பு?" என்று வாசற்படியில் நின்று விசாரிப்பதோடு சரி. அந்த எல்லையைத் தாண்டி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனவை மாடியில் வைத்த சில மண் தொட்டிகள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2020-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். தொற்று நோய் பரவியதால் நேர்ந்த சங்கடம் அது. வியாபாரம் திருமழிசைக்குப் போயிற்று; செப்டம்பரில்தான் காய்கறிக் கடைகள் கோயம்பேட்டுக்குத் திரும்பின. அந்த நாட்களில் ஒருநாள், வீட்டில் கொத்தமல்லிக்கு வழியில்லாமல் ரசம் வைத்தார்கள். அப்போதுதான் என் மூளையில் ஒரு விஷயம் உறைத்தது. உருளைக்கிழங்கு நீலகிரியிலிருந்து வருகிறது. முருங்கைக்காய் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வருகிறது. தக்காளியோ ஆந்திரத்து மதனப்பள்ளியிலிருந்தும் கர்நாடகத்துக் கோலாரிலிருந்தும் லாரி ஏறி வருகிறது. இவ்வளவு பெரிய பட்டணம், தன் ரசத்துக்கு வேண்டிய ஒரு கொத்துக் கொத்தமல்லியைக்கூடத் தானாக விளைவித்துக்கொள்ள முடியாமல், வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது!

இது முன்பும் நேர்ந்ததுதான். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்நாட்டு அரிசி நமக்கு வராமல் நின்றது. மறு வருஷம் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். அதிக உணவு உற்பத்தி இயக்கம் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். 1965-இல் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டதோடு நில்லாமல், பிரதம மந்திரியின் வாசஸ்தலத்துப் புல்தரையிலேயே பயிர் வைத்தார். நமக்குப் புல்தரை ஏது? பழைய சென்னை வீடுகளில் கொல்லை என்று ஒன்று இருந்தது. கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போகும். பாத்திரம் தேய்த்த தண்ணீர் சேம்புக்குப் போகும். கொல்லைகள் அடுக்கு மாடிகளாகிவிட்டன. ஆகவே பட்டணவாசிக்குப் பாக்கியிருக்கும் பூமி ஆகாசத்தில், அதாவது மொட்டை மாடியில் இருக்கிறது.

அந்த ஆடி மாசத்தில் நானும் விவசாயியானேன். எப்படியென்று கேட்டால், 4,500 ரூபாய் செலவழித்து! பைகள், தொட்டிகள், செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு எல்லாம் வந்து இறங்கின. மண்ணை மட்டும் போட்டு நிரப்பினால் மாடிக்குப் பாரம். ஆகையால் செம்மண், நார்க்கழிவு, உரம் மூன்றையும் சமபாகமாகக் கலக்க வேண்டும். நார்க்கழிவில் உப்பு உண்டு. இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகுதான் அதை உபயோகிக்கலாம். இது தெரியாமல் முதலில் விதைத்த கீரை, முளைத்த மூன்றாம் நாளே நுனி கருகிப் போயிற்று. தொட்டிகளைத் தளத்தின்மீது நேராக வைக்காமல், செங்கல் அடுக்கி அதன்மேல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தளத்தில் ஈரம் இறங்கும். இப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு கட்டணம் கட்டினேன்.

முளைக்கீரை நல்ல பிள்ளை. விதைத்து மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கிக் கையில் கொடுத்துவிடலாம். அரைக்கீரை அதைவிட உத்தமம். நறுக்க நறுக்கத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பருவத்தில் மொத்தம் முப்பது கட்டுக் கீரை எடுத்தேன். வெற்றிப் பெருமிதத்துடன் கணக்கைச் சொன்னபோது, என் மனைவி மனக்கணக்காகவே விடை சொன்னாள்: "கட்டு 150 ரூபாய் ஆகிறது. சாமான்ய ஜனங்கள் சாப்பிடக்கூடிய கீரை இல்லை இது."

அதையாவது பொறுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ஒரு முறம் நிறைய அரைக்கீரையைக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, பின்னாலிருந்து குரல் வந்தது: "பறித்தவர்தான் ஆய்ந்து கொடுக்க வேண்டும். ஆய்ந்தவர்தான் சமைக்கவும் வேண்டும். தோட்டத்தின் இன்பம் உங்களுக்கு, அதன் வேலை எனக்கு என்றால் அது எந்த ஊர் நியாயம்?"

யோசித்துப் பார்த்தேன். எந்த ஊர் நியாயமும் இல்லை.

கீரை ஆய்வதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு சமைத்தேன். பாத்திரம் நிறையக் கீரையைப் பார்த்து, அதற்குத் தக்கபடி உப்பைப் போட்டு, தட்டை மூடி, பத்திரிகை படிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து திறந்தால், பாத்திரத்தின் அடியில் பழுப்பு நிறமாக ஏதோ ஒரு வஸ்து உப்புக் கடலில் கிடந்தது. கீரை வெந்தால் சுருங்கும் என்பதும், சுருங்கிய பிறகே உப்புப் போட வேண்டும் என்பதும் சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரமாம். திறந்து வைத்தே வேகவிட வேண்டுமாம். அதற்குக் காரணமும் இருக்கிறது. இலையிலுள்ள புளிப்புச் சத்து ஆவியோடு வெளியே போனால் பச்சை நிறம் நிற்கும். மூடிவிட்டால் அது உள்ளேயே தங்கிப் பச்சையைக் கெடுத்துவிடும். ரசாயன நூல் சொல்லும் இந்த விஷயத்தை, ரசாயனம் படிக்காத நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். நாம் அதற்கு "கைமணம்" என்று ஒரு பெயர் கொடுத்து, அவர்களுடைய அறிவைக் கைக்குள்ளேயே அடக்கிவிட்டோம்!

நான்காம் தடவை கீரை கீரையாக வந்தது. சீரகமும் பூண்டும் சேர்த்து மசித்து, சுடுசாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து, முதலில் என் மனைவியின் தட்டில் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவையும் போடச் சொன்னாள். இத்தனை வருஷ எழுத்து வாழ்க்கையில் இதைவிடச் சிறந்த மதிப்புரை எனக்குக் கிடைத்ததில்லை.

இது நிற்க. மாடித் தோட்டத்தில் கீரை விளையாட்டு, அவரைதான் வினை.

எங்கள் கிராமத்து வீட்டை விற்றபோது, என் தாயார் அங்கிருந்து எடுத்துவந்த சாமான்களில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியும் இருந்தது. அதற்குள் சாம்பலில் புரட்டிய அவரை விதை பன்னிரண்டு. அவளுடைய மாமியார் காலத்திலிருந்து அந்தக் கொல்லையில் விளைந்த அவரை அது. காய் பட்டையாயிருக்கும், ஓரத்தில் ஊதா ரேகை ஓடும். "எல்லாவற்றையும் ஒரே நாளில் மண்ணில் போட்டுவிடாதே, அப்பா. பாதியை வைத்துக்கொள்" என்றாள். விதை பழசாகிவிட்டதே, இன்னும் வைத்திருந்தால் முளைக்காதே என்று நான் புத்திசாலித்தனமாக யோசித்து, ஆறு தொட்டிகளில் இரண்டிரண்டாகப் பன்னிரண்டையும் ஊன்றிவிட்டேன். தொட்டிக்கு ஒரு கொடியாக ஆறு கொடி நிலைத்தது.

ஆடியில் ஊன்றிய அவரை, பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் பூக்கும். அதற்குள் நவம்பர் மாதக் கடைசியில் நிவர் புயல் வந்தது. இரண்டு நாள் மழை. தொட்டிகளின் அடித் துவாரங்கள் வேர் அடைத்துக்கொண்டு கிடந்ததை நான் கவனிக்கவில்லை. தண்ணீர் வடியாமல் வேர் அழுகி, ஒரு வாரத்துக்குள் ஐந்து கொடிகள் வாடிப் போயின. தாயாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒன்று இருக்கிறதல்லவா?" என்று மட்டும் கேட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை போலிருந்தது.

அந்த ஒன்றுக்கும் மார்கழியில் சத்துரு வந்தான். அசுவினிப் பூச்சி, கறுப்பு எள்ளை அப்பியதுபோல் கொழுந்து முழுவதும் மொய்த்துவிட்டது. மோசமான நுனிகளைக் கிள்ளி எறிந்தோம். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் இலைகளின் அடிப்புறம் நனையும்படி தெளித்தோம். 'தெளித்தோம்' என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பனி கொட்டும் காலையில் எனக்கு முன்னால் மாடிக்குப் போய் நின்றவள் என் மனைவி.

தை மாசத்தில் முதற் கொத்துக் காய்த்தது. ஓரத்தில் ஊதா ரேகையுடன் ஏழு காய்கள். என் தாயாருக்கு அன்றே பொரியல் செய்து போட வேண்டுமென்று நான் கையை நீட்டினேன். என் மனைவி தடுத்தாள்.

"முதல் கொத்து விதைக்கு. அத்தைக்கு அடுத்த கொத்தில் செய்து போடலாம். காத்திருக்க மாட்டார்களா?"

"எண்பத்திரண்டு வயதாகிறதே!" என்றேன்.

கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், "அவள் சொல்கிறபடி செய். நான் காத்திருக்கிறேன்" என்றாள்.

அந்த ஏழு காய்களும் கொடியிலேயே முற்றி, காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சப்திக்கும்வரையில் இருந்தன. கடையில் வாங்கும் ஒட்டு ரக விதையைச் சேமித்து வைத்து விதைத்தால், தாயைப்போல் பிள்ளை இராது. அவரையோ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆகையால் குணம் மாறாது. இருபத்தாறு விதை தேறிற்று. இன்று அந்த அவரை எங்கள் தெருவில் ஐந்து வீட்டு மாடிகளில் படர்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விதையைப் பத்திரப்படுத்துவதற்குப் பூட்டைவிடக் கொடையே சிறந்தது என்பதைப் பன்னிரண்டையும் ஒரே நாளில் ஊன்றியவன் தெரிந்துகொண்ட பாடமாகச் சொல்கிறேன்.

என் தாயாருக்கு அடுத்த கொத்துக் கிடைத்தது. பறித்து அரை மணிக்குள் அடுப்பேறிய அவரை. நார் உரித்து, நறுக்கி, தேங்காய்த் துருவல் போட்டு நான்தான் செய்தேன். ஒரு வாய் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "நம் கொல்லை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டை விற்ற நாளிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததேயில்லை.

மாடித் தோட்டத்தால் பட்டணத்தின் உணவுப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அரிசியும் பருப்பும் உழவன் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு கட்டுக் கீரைக்கு எத்தனை நாள், எத்தனை தண்ணீர், எவ்வளவு கவலை என்று தெரிந்தவன், சந்தையில் ஒரு ரூபாய்க்காக உழவனிடம் பேரம் பேச மாட்டான். அதை மசித்துக் கொடுப்பது என்ன வேலை என்று தெரிந்தவன், "உப்புக் கொஞ்சம் குறைச்சல்" என்று சொல்லுமுன் ஒரு தரம் யோசிப்பான்.

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதையும் படித்தாள்.

"அப்படியானால் யாருடைய இன்பம் என்று கடைசி வரையில் சொல்லவில்லையே?" என்றாள்.

"இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ உட்கார். நான் முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன்" என்றேன்.