‘இந்த சோகப் படமெல்லாம் எதுக்கு?’ - ஒரு டிவி தொடர் ஜெர்மனியை உலுக்கிய கதை!

வெள்ளிக்கிழமை இரவு. வாரம் முழுக்க வேலை பார்த்த களைப்பு. ஓடிடி-யில் ‘தி பியானிஸ்ட்’ வந்து நிற்கிறது. “ஐயோ, இது யூதர்களைக் கொல்ற படமாச்சே... பார்த்தா தூக்கம் வராது” என்று விரல் அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறது.

அப்படித் தாவுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 80 வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் நடந்த கொடுமையைப் பார்த்து இப்போது அழுது என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்விதான். 1979-ல் மேற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்கிறது.

நான்கு இரவுகள்

‘ஹோலோகாஸ்ட்’ என்பது 1978-ல் அமெரிக்காவின் என்பிசி சேனலில் வெளியான ஒரு தொடர். பெர்லினில் வசிக்கும் ஒரு யூத டாக்டர் குடும்பம் நாஜிக்களிடம் சிக்கிச் சிதறும் கற்பனைக் கதை. மெரில் ஸ்ட்ரீப் அதில் முக்கிய வேடத்தில் நடித்திருந்தார். விமர்சனங்களும் கடுமையாகவே வந்தன. ஆஷ்விட்ஸில் இருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலி வீசல், பெருந்துயரத்தை மலிவான டிவி நாடகமாக்கிவிட்டார்கள் என்று கொதித்தார்.

அதே தொடர் 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் நான்கு இரவுகள் ஒளிபரப்பானது. சுமார் 2 கோடி பேர் பார்த்தார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வரலாற்று ஆய்வாளர்கள் நேரலையில் உட்கார்ந்து பதில் சொல்ல, ஆயிரக்கணக்கில் போன் கால்கள் குவிந்தன. 30 வருஷமாகப் பல வீடுகளில் பேசப்படாமல் கிடந்த விஷயம் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது.

அந்த ஆண்டு இறுதியோடு நாஜி காலக் கொலைகளுக்குப் புதிதாக வழக்குத் தொடரும் காலக்கெடு முடிய இருந்தது. ஜூலை 3-ம் தேதி, 255-க்கு 222 என்ற வாக்குகளில் ஜெர்மன் நாடாளுமன்றம் அந்தக் காலக்கெடுவையே நீக்கியது. விவாதம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான். ஒரு தொடர் மட்டுமே சட்டத்தை மாற்றிவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஆனால், அந்த விவாதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். இந்த எண் பாடப் புத்தகத்தில் முன்பே இருந்ததுதான். ஆனாலும், அது உறைக்க ஒரு குடும்பத்தின் கதை தேவைப்பட்டது.

தப்பியவர் ஹீரோவா?

இந்த வகைப் படங்கள் மீது இன்னொரு வலுவான குற்றச்சாட்டு உண்டு. கொல்லப்பட்டவர்கள்தான் பெரும்பான்மை. தப்பியவர்களின் கதையை மட்டுமே எடுத்தால், ‘மன உறுதி இருந்தால் எதையும் ஜெயிக்கலாம்’ என்ற மோட்டிவேஷன் வீடியோவாக அது மாறிவிடாதா? அப்படியானால், இறந்தவர்களுக்கு மன உறுதி இல்லை என்றா அர்த்தம்?

2002-ல் வெளியாகி மூன்று ஆஸ்கர் வாங்கிய ‘தி பியானிஸ்ட்’ இந்தப் பொறியில் விழவில்லை. போலந்து வானொலியின் பியானோ கலைஞர் விளாடிஸ்லாவ் ஸ்பில்மேனின் நினைவுக் குறிப்புகள்தான் அதன் மூலம். 1942-ல் வார்சாவில் இருந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குப் போன ரயிலில் அவருடைய அப்பா, அம்மா, தம்பி, இரண்டு சகோதரிகள் எல்லோரும் ஏற்றப்பட்டார்கள். யாரும் திரும்பவில்லை. கூட்டத்தில் இருந்து ஒரு கை பிடித்து இழுத்ததால் அவர் மட்டும் பிழைத்தார். அவரிடம் தனித் திறமையோ வீரமோ இருந்ததால் அல்ல. அந்தக் கை அவர்மீது பட்டது, அவ்வளவுதான்.

பிறகு, இடிந்துபோன நகரத்தில் பசியோடு அலைந்தவரைக் கண்டுபிடித்து, காட்டிக்கொடுக்காமல் சாப்பாடு கொடுத்தவர் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி, வில்ம் ஹோசன்ஃபெல்ட். காப்பாற்றியவருக்காவது நல்ல முடிவு கிடைத்ததா? இல்லை. சோவியத் ராணுவத்திடம் சிக்கிய அவர், 1952-ல் சிறைக்காவலிலேயே இறந்துபோனார். நல்லது செய்தவருக்கு நல்லதே நடக்கும் என்ற ஆறுதலைக்கூடப் படம் தருவதில்லை. அதுதான் அதன் நேர்மை.

துப்பாக்கிக்கு முன்னால் வந்த உத்தரவுகள்

இந்தப் படத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோவது அதன் முதல் அரை மணி நேரம். ரயிலுக்கு வெகு முன்பே உத்தரவுகள் வந்துவிடுகின்றன. வீட்டில் இவ்வளவு பணம்தான் வைத்திருக்கலாம். இந்த ஹோட்டலுக்குள் வரக் கூடாது. பூங்காவில் உட்காரக் கூடாது. கையில் நட்சத்திரப் பட்டை கட்ட வேண்டும். ஒவ்வொரு உத்தரவுக்கும் அந்தக் குடும்பம் முனகிவிட்டுப் பழகிக்கொள்கிறது. ‘சரி, இதோட நின்னுடும்’ என்று நம்புகிறது. 1940 நவம்பரில் சுவர் எழுந்து, 4 லட்சம் பேர் அதற்குள் அடைக்கப்பட்ட பிறகு முனகுவதற்குக்கூட இடமில்லை.

வரலாற்றுப் பாடம் பெரும்பாலும் கடைசிக் காட்சியில் இருந்து, அதாவது முகாமில் இருந்துதான் தொடங்குகிறது. நல்ல படம் பூங்கா பெஞ்சில் இருந்து தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தும் பேசாமல் போனது எந்த நாளில் என்று காட்டுகிறது. முகாமை மட்டும் பார்த்தவர்கள் ‘இனி இப்படியெல்லாம் நடக்காது’ என்று நிம்மதியாகத் தூங்கிவிடலாம். அந்த பெஞ்சைப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதி கிடைக்காது.

சாட்சிகள் இல்லாத காலம்

‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தை எடுத்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அதற்கு அடுத்த ஆண்டே, 1994-ல், தப்பியவர்களின் வாக்குமூலங்களை வீடியோவில் பதிவுசெய்ய ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று அதில் 50,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஒரு படம் விட்டுச் சென்ற இந்த ஆவணக் களஞ்சியம், அது வாங்கிய ஏழு ஆஸ்கர்களைவிடப் பெரிது.

காரணம், முகாம்களில் இருந்து மீண்ட குழந்தைகளே இன்று 80 வயதைத் தாண்டிவிட்டார்கள். ‘நான் அங்கே இருந்தேன்’ என்று நேரில் சொல்ல இன்னும் சில வருஷங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். ‘அப்படி எதுவும் நடக்கவே இல்லை’ என்று சொல்லும் வீடியோக்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, இந்தப் படங்களின் மதிப்பு எத்தனை பேரை அழவைத்தன என்பதில் இல்லை. 1979-ல் போனை எடுத்து, ‘இது நிஜமாவே நடந்ததா?’ என்று கேட்டவர்கள் அழுததோடு நின்றுவிடவில்லை. அந்தக் கேள்வியை ஒருவரையாவது கேட்கவைக்கும் என்றால், ஒரு வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை இழப்பதில் தப்பில்லை.