பழைய லேப்டாப் மீது பழி போடலாமா?

மும்பையில் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. ஊரில் பிளஸ் டூ படித்தபோது தமிழக அரசு கொடுத்தது, கம்பெனி கழித்துவிட்டபோது மலிவாக எடுத்தது, தீபாவளிச் சலுகையில் தவணைக்கு வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பகல் வேலை முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து கடைக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், பில் போடுகிறவர்களுக்கும், அழைப்பிதழ் தயாரிக்கிறவர்களுக்கும் அதுதான் இரண்டாவது சம்பளம்.

இவர்களுக்கு இப்போது அகலத் திரை மானிட்டர் மீது ஆசை பிறந்திருக்கிறது. அந்த ஆசையில் தவறில்லை. 34 அங்குலத் திரையில் ஒரு பாதியில் ரசீதும் மறு பாதியில் பேரேடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சின்னத் திரையில் குனிந்து குனிந்து கழுத்து வலி கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். லாமிங்டன் ரோடு போன்ற கடைத்தெருக்களில் புதியதும் கிடைக்கிறது, பெரிய அலுவலகங்கள் கழித்த பழையதும் கிடைக்கிறது.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் தலைவலி ஆரம்பமாகிறது. எழுத்துக்கள் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் கொழுத்துத் தெரிகின்றன. அல்லது இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. அல்லது மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது. கடைக்காரரிடம் போனால், "லேப்டாப் பழசு சார், புதுசு வாங்குங்க" என்கிறார். இந்தப் பதில் பெரும்பாலும் அரைகுறையானது. சில சமயம் முழுப் பொய். வாங்குகிறவருக்கு இதனால் சில மாதச் சம்பளம் போகிறது.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் லோக்கல் ரயில் உதாரணமே போதும். 12 பெட்டி நிற்கக்கூடிய பிளாட்பாரத்தில் 15 பெட்டி வண்டியைக் கொண்டுவந்தால் மூன்று பெட்டி வெளியே நிற்கும். வண்டியிலும் குற்றமில்லை, பயணியிடமும் குற்றமில்லை. நீளம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். திரையின் படம் புள்ளிகளால் ஆனது. சாதாரண பழைய லேப்டாப்பின் திரை 1366×768, அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். முழு எச்.டி. என்னும் 1920×1080 திரையில் சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம். 34 அங்குல அகலத் திரையில் வழக்கமாக உள்ள 3440×1440-க்குச் சுமார் 49 லட்சத்து 54 ஆயிரம். இத்தனை புள்ளிகளையும் வினாடிக்கு 60 தடவை கேபிள் வழியே அனுப்பியாக வேண்டும். அந்தச் சுமையை லேப்டாப்பின் எந்த வாசல் தாங்கும் என்பதுதான் கேள்வி.

வி.ஜி.ஏ. என்ற 15 ஊசி நீல வாசல் 1987-ல் வந்தது. அகலத் திரைக்கு அது உதவாது. எச்.டி.எம்.ஐ. வாசல் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே சாதி பல. 2009-ல் வந்த 1.4 ரகம், 3840×2160 புள்ளித் திரைக்கு வினாடிக்கு 30 தடவைதான் படம் அனுப்பும். 3440×1440 திரைக்கு அந்த வாசல் உள்ள பல லேப்டாப்கள் 50 தடவையோடு நின்றுவிடும். 2013-ல் வந்த 2.0 ரகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2018, 2019-ல் வாங்கிய லேப்டாப்கள் பலவற்றிலும் இருப்பது 1.4 ரகமே. எனவே வாங்கிய வருஷத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கடைக்காரர்கள் பலர் சொல்லாமல் விடுவது டிஸ்ப்ளே போர்ட் என்ற வாசலைப் பற்றி. அலுவலக உபயோகத்துக்கென்று தயாரான லேப்டாப்கள் பலவற்றின் ஓரத்தில் இது சிறிய வடிவில் இருக்கும். 2010-ல் வந்த இதன் 1.2 ரகம் 3440×1440 படத்தை வினாடிக்கு 60 தடவை தாராளமாகக் கொண்டுபோகும். இன்டெல்லின் நான்காம் தலைமுறைச் சில்லு 2013-ல் வந்தது. அந்தச் சில்லோடு இந்த வாசலும் உள்ள லேப்டாப்பை அகலத் திரைக்கு லாயக்கில்லை என்று தள்ள முடியாது.

செம்பூரில் லாரி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது இதுதான். எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டுப் படம் சரியாக வராததால், புது லேப்டாப்புக்குத் தவணை பேசும் அளவுக்குப் போய்விட்டார். அவருடைய இயந்திரத்தின் இடது ஓரத்தில் அந்தச் சின்ன வாசல் தூசி அடைத்துக் கிடந்தது. அதற்கான கேபிளைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினார். திரை முழுவதும் பளிச்சென்று வந்துவிட்டது. தவணைப் பேச்சும் அதோடு முடிந்தது.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. 2012 வாக்கில் வந்த இன்டெல் சில்லுகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. வழியே 1920×1200-க்கு மேல் எதிர்பார்ப்பது வீண். அப்படிப்பட்டவர்கள் சாதாரண முழு எச்.டி. திரையோடு திருப்தி அடைவதே புத்திசாலித்தனம். கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினால் சரியாகும் என்று நம்பியும் ஏமாறக் கூடாது. வாசலே குறுகல் என்றால் வெளியே எதை மாட்டினாலும் அது அகலமாகாது. மேலும், டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேறு, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றுவது வேறு. ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாகத் திருப்பி மாட்டினால் படம் வராது. யு.எஸ்.பி.-சி வாசல் இருக்கிறதே என்று மகிழ்வோரும் கவனிக்க வேண்டும். எல்லா சி வாசலும் படம் அனுப்பாது. சார்ஜும் கோப்பும் மட்டும் கடத்துபவை நிறைய உண்டு.

"இத்தனை ஆராய்ச்சி எதற்கு? பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கினால் போகிறது" என்று சொல்வோர் உண்டு. அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய இயந்திரத்தில் வங்கி வேலை செய்கிறவர்கள் அதற்கு மாற்று ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் பழசு போதாது. ஆனால் கணக்கு எழுதவும், கடிதம் அடிக்கவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் நல்ல நிலையிலுள்ள பழைய லேப்டாப்புக்கு என்ன குறை? செலவில்லாத லினக்ஸ் போட்டும் ஓட்டலாம். வேலைக்குத் தகுந்த கருவி வேண்டும் என்பது சரி. கேபிள் வாங்க வேண்டிய இடத்தில் கருவியையே மாற்றச் சொல்வது சரியல்ல.

வாங்குகிறவர் லேப்டாப்பைக் கையோடு கடைக்கு எடுத்துப் போக வேண்டும். இயந்திரத்தின் மாடல் எண்ணைச் சொல்லி நான்கு கேள்வி கேட்க வேண்டும். இதில் என்னென்ன வாசல் உண்டு? அந்த வாசல் எந்த ரகம்? இந்தத் திரையின் முழுப் புள்ளியும் அதில் வருமா? வினாடிக்கு எத்தனை தடவை வரும்? கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டதை பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

பொறுப்பு வாங்குகிறவர் தலையில் மட்டும் விழக் கூடாது. மானிட்டர் பெட்டியில் திரையின் அங்குலத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எந்த வாசலில் எத்தனை புள்ளி, எத்தனை தடவை என்பதையும் அதே அளவு எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பொருளின் தரம், விலை பற்றித் தகவல் பெறுவது நுகர்வோரின் உரிமை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். மொழி தெரியாத ஊர், கடைக்காரரிடம் வாதாட முடியாது என்று தயங்கித் தயங்கியே நம்மவர்கள் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். மாடல் எண்ணையும் வாசலின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால், இந்தியோ மராத்தியோ சரளமாக வராவிட்டாலும் காரியம் நடக்கும்.

உழைத்துச் சேர்த்த பணம் இது. லேப்டாப்பின் ஓரத்தில் எந்த வாசல் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். பர்ஸைத் திறப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.