முதல்நூலும் வழிநூலும்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் மோட்டார் வண்டிகளுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வீரசோழனில் நமது தெருக்கோடி வேப்பமரத்தடியில் கால் நூற்றாண்டாக ஓடாமல் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சென்ற ஆண்டு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதே வாரம் நண்பர் ஒருவர் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் படத்தை அனுப்பி, ‘இதுவன்றோ கார்!’ என்று வியந்திருந்தார். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அவர் அறியார்.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959இல் ஹெரால்டையும் 1962இல் ஸ்பிட்ஃபயரையும் வெளியிட்டது. இரண்டின் உருவத்தையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே ஸ்பிட்ஃபயரைச் செய்தனர். நன்னூல் வழி நின்று சொன்னால் ஹெரால்டு முதல்நூல், ஸ்பிட்ஃபயர் வழிநூல். 1147 சிசி எஞ்சின் ஹெரால்டு 1200இல் 39 குதிரைத்திறன் தந்தது. இரட்டைக் கார்புரேட்டர் பூட்டிய ஸ்பிட்ஃபயரில் 63. இருவர் மட்டுமே அமரும் அத்திறந்த வண்டி அழகுதான், மறுப்பதற்கில்லை.

ஆயினும் மூளை உழைத்தது ஹெரால்டில் என்பதே நமது துணிபு. கூடு செய்து தந்துவந்த ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட, வெவ்வேறு பட்டறைகளில் செய்த பகுதிகளைத் தனி அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டு முடுக்கிச் சேர்க்கும் வழியை நாடினர். முட்டுப்பாட்டில் பிறந்த உபாயம் அது. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஹெரால்டு உருவாயிற்று. 1960களின் இறுதியில் நம்மவர் அதற்கு நான்கு கதவுகள் வைத்தனர். இங்கிலாந்து அப்படியொரு ஹெரால்டைச் செய்ததே இல்லை. முன்மூடி முழுவதும் முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். மெக்கானிக் டயரின்மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்ப்பதை நாம் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறோம்.

குறையும் உண்டு. ‘வளைவுல வெரசாப் போனா பின்சக்கரம் மடங்கிரும் தம்பி’ என்பார் அவ்வண்டியை ஓட்டிய பெரியவர். உண்மையே. ஆனால் அதே பின்னச்சுதான் ஸ்பிட்ஃபயருக்கும். 1970இல்தான் அங்கே அதைத் திருத்தினார்கள். ஹெரால்டில் பழுது எனப்பட்டது ஸ்பிட்ஃபயரில் வீரமாகிவிட்டது! வேகமாக ஓடவே செய்த வண்டிக்கன்றோ அக்குறை பெருங்குறை?

ஐம்பதாண்டு கடந்து, மூலவடிவம் குலையாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிய 2021இல் நடுவண் அரசு விதி செய்தது. அதை அந்த வீட்டாரிடம் எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

எடைக்கு எடுத்தவர் கேஸ் வைத்து அறுக்க ஆயத்தமாக வந்திருந்தார். தேவைப்படவில்லை. கூட்டை ஸ்பானரைக் கொண்டே பகுதி பகுதியாகக் கழற்றி, ஒரு முற்பகலுக்குள் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைச் சாலையில் போய்விட்டார்.