பழைய கடைத்தெருவுக்கு என்ன பதில்?

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு சென்னைக்குப் போன கடலூர், சிதம்பரத்துக்காரர்களில் ஸ்பென்சர் பிளாசாவை எட்டிப் பார்க்காமல் திரும்பியவர்கள் குறைவு. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போன வேலை முடிந்ததும், நகரும் படிக்கட்டில் ஏறிப் பார்ப்பதற்காகவே பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனார்கள். பழைய ஸ்பென்சர் கட்டடம் தீக்கிரையான பிறகு அதே மனையில் எழுந்து, 1990-களில் கட்டம் கட்டமாக வளர்ந்த வளாகம் அது. லேண்ட்மார்க் புத்தகக் கடை, மியூசிக் வேர்ல்டு, காஷ்மீர் கைவினைப் பொருள் கடைகள் என்று அண்ணா சாலையின் கூட்டமெல்லாம் அதற்குள் இருந்தது. இன்று அந்த இரண்டு பெரிய கடைகளும் இல்லை. வாசலுக்கு அருகிலேயே 2019-ல் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. ஆனால் போன கூட்டம் திரும்பவில்லை.

2010-ல் கூப்பிடு தூரத்தில் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூதான் ஸ்பென்சரை வீழ்த்தியது என்பார்கள். 2013-ல் வேளச்சேரியில் வந்த பீனிக்ஸ் மாலையும் சேர்த்துச் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. ஸ்பென்சரில் கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டிருந்தன. எந்தத் தளத்தில் எந்தக் கடை வரவேண்டும், எது காலியானால் அங்கே யாரைக் கொண்டுவர வேண்டும், ஏசி ஓடவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று மொத்தத்தையும் பார்க்க ஒரு கை இல்லாமல் போனது. எக்ஸ்பிரஸ் அவென்யூவில் கடைகள் வாடகைக்கு மட்டுமே விடப்பட்டன. வளாகம் ஒருவர் பொறுப்பில் இருந்தது. இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பளபளப்பும் புதுமையும் இதற்குப் பின்னால்தான் வரும்.

இது சென்னையோடு நிற்கும் கதையாகவும் இல்லை. நாட்டின் 8 பெருநகரங்களில் 64 மால்கள் ஆளரவமற்ற நிலைக்கு வந்துவிட்டதாக, 2023-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து நைட் பிராங்க் நிறுவனம் கணக்கிட்டது. கடைப்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடப்பவையே அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. அமெரிக்காவில் இந்த நோய் நமக்கு முன்பே வந்துவிட்டது. 1956-ல் மின்னசோட்டா மாநிலத்தில் திறந்த சவுத்டேல் என்ற மூடிய மாலை வடிவமைத்து, உலகம் முழுவதற்கும் மாதிரி கொடுத்த விக்டர் குருயன், கடை, வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் சேர்ந்த ஊர் நடுவத்தைத்தான் மனதில் வைத்திருந்தார். கட்டியவர்கள் கடையை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றிலும் வண்டி நிறுத்தும் திடலைப் போட்டார்கள். தன் பெயரால் நடந்ததை அவரே கடைசிக் காலத்தில் வெளிப்படையாக நிராகரித்தார்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இதில் என்ன இருக்கிறது, நம்மிடம் மாலே கிடையாதே என்று கேட்கலாம். பெரிய மாலுக்குப் போக வேண்டுமென்றால் நம் மக்கள் புதுச்சேரிக்குப் போகிறார்கள். அங்கே பிராவிடன்ஸ் மால் இருப்பதே கடலூர் சாலையில்தான். ஆனால் வேறு பெயரில் நம்மிடமும் வளாகங்கள் உண்டு. பேருந்து நிலையக் கடைகள், மாநகராட்சி, நகராட்சி வணிக வளாகங்கள், திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட், மஞ்சக்குப்பம் அண்ணா மார்க்கெட் எல்லாம் பொதுப்பணத்தில் கட்டி, பொதுச் சொத்தாக நிற்கும் மால்கள்தான். இவற்றைச் சுற்றித்தான் லாரன்ஸ் ரோடும், சிதம்பரத்தில் கீழ வீதியும் எஸ்.பி. கோயில் தெருவும் பிழைக்கின்றன. இவற்றின் உயிர்நாடி பேருந்து நிலையம். அந்தப் பேருந்து நிலையங்களைத்தான் இப்போது இரண்டு ஊரிலும் இடம் மாற்றப் பேசிக்கொண்டிருக்கிறோம். சிதம்பரத்துக்கு லால்புரம். கடலூருக்கு எம்.புதூரா, வேறிடமா என்ற சர்ச்சை ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கிறது.

நமது நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். புதிய பேருந்து நிலையம் தேவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. திருப்பாதிரிப்புலியூர் நிலையத்துக்குள் ஒரு பஸ் திரும்புவதற்குள் பின்னால் நாலு பஸ் ஹாரன் அடிக்கிறது. பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழா நாளில் அந்தப் பகுதியில் ஆம்புலன்ஸ் நகர முடியாது. ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் தேர் ஓடும் நாள்களில் சிதம்பரத்தில் வெளியூர் பஸ் ஊருக்குள் வருவதே பெரும்பாடு. ஊர் வளர்ந்துவிட்டது, நிலையம் வளரவில்லை. ஆனால் பேருந்து எங்கே போகும் என்று விவாதிக்கும் அளவுக்கு, அது விட்டுப்போகும் இடம் என்ன ஆகும் என்று யாரும் விவாதிப்பதில்லை. நமது வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

பேருந்து போன இடத்தில் வியாபாரம் எப்படிச் சரியும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையின் கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டு, அடுத்த சில வாரங்களில் தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. கோயம்பேட்டில் டீக்கடை, பழக்கடை, லாட்ஜ் வைத்திருந்தவர்கள் அந்த ஒரே மாதத்தில் வித்தியாசத்தை உணர்ந்தார்கள். நம் ஊரிலேயே இதற்குப் பழைய பாடம் உண்டு. கடலூர் துறைமுகத்தில் சரக்குப் போக்குவரத்து குறையக் குறைய, ஒரு காலத்தில் வியாபாரத்தில் தலைமை வகித்த முதுநகர் ஒதுங்கிப்போனது. அங்கிருந்த பழைய கிடங்குகளுக்கும் மண்டிகளுக்கும் மாற்றுப் பயன் என்ன என்று அன்றைக்கு யாரும் திட்டம் போடவில்லை. விளைவை முதுநகர்க்காரர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள்.

சரிவு திடீரென்று வருவதில்லை. நகராட்சி வணிக வளாகம் எதிலாவது மாலை ஏழு மணிக்கு மாடி ஏறிப் பாருங்கள். கீழே செல்போன் கடையும் பேக்கரியும் நிறைந்து நிற்கும். மாடி நடையில் பத்து ஷட்டருக்கு ஒன்று திறந்திருக்கும். அநேகமாக அது தையல் கடையாகவோ டைப்பிங் சென்டராகவோ இருக்கும். டியூப்லைட் ஒன்று எரியாது. கழிப்பறையில் பூட்டு தொங்கும். படிக்கட்டு மூலையில் வெற்றிலைக் கறை. மூடிய ஷட்டர் ஒன்றின் மீது வாடகை நிலுவைக்கான நோட்டீஸ் ஒட்டிப் பாதி கிழிந்திருக்கும். அந்த இருட்டைத் தாண்டி ஒரு பெண் குழந்தையோடு மாடிக்கு ஏற மாட்டாள். அவள் ஏறாததால் தையல் கடையும் நாளை மூடும். ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடைக்கு வரும் ஆள் குறையும். ஸ்பென்சரில் நடந்ததும் இதே சங்கிலிதான்.

இந்த நிலைக்கு வாடகைதாரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ளாட்சிக் கடைகளை விடும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் வாடகை உயர்வு, ஒன்பது ஆண்டு முடிந்தால் பொது ஏலம் என்று 2007-ஆம் ஆண்டு அரசாணை வகுத்தது. 2016-ல் சந்தை மதிப்புக்கு ஏற்ப வாடகையை மறுநிர்ணயம் செய்தபோது பல ஊர்களில் அது பல மடங்கு எகிறியது. கட்ட முடியாதவர்களின் கடைகளுக்கு சீல் வைத்தார்கள். மாநிலம் முழுக்க வணிகர்கள் போராடினார்கள். ஏலத்தில் வீம்புக்கு விலையேற்றி எடுப்பவர் பலநேரம் கடை நடத்துபவராகவே இருப்பதில்லை. எடுத்ததை உள்வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து லாபம் பார்க்கிறார். உள்ளே இருந்து நிஜமாகக் கடை நடத்துபவருக்கு மாநகராட்சியிடம் பேச உரிமை இல்லை. ஓடு உடைந்தால் புகார் கொடுக்கக்கூட அவர் பெயரில் ரசீது இருக்காது.

வாங்கும் வாடகையில் எவ்வளவு அந்தக் கட்டடத்துக்கே திரும்பப் போகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கடை வாடகை பொது நிதியில் சேர்ந்து சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விடுகிறது. கூரை ஒழுகும்போது பணம் இல்லை என்ற பதில் வருகிறது. பிறகு ஒருநாள் கட்டடம் பழுதடைந்துவிட்டது என்று அறிவிப்பு வரும், இடிப்பார்கள், புதிதாகக் கட்டுவார்கள், ஏலம் விடுவார்கள். கட்டுவதற்கு நிதி கிடைக்கிறது, கல்வெட்டும் கிடைக்கிறது. பராமரிப்புக்கு இரண்டும் இல்லை.

மக்கள் எல்லாவற்றையும் போனிலேயே வாங்கும் காலத்தில் பழைய கடைத்தெருவைக் காப்பாற்றி என்ன பயன் என்று ஒரு தரப்பு கேட்கிறது. இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள நாம் தயாரில்லை. ஆன்லைன் வியாபாரம் துணிக்கடையையும் செல்போன் கடையையும் கடித்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் சிதம்பரத்துக்கு வருகிறவர் ஒரு பொருள் வாங்க மட்டும் வருவதில்லை. டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, பிள்ளைக்குச் செருப்பு எடுத்து, நகையை மீட்டு, டிபன் சாப்பிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். நெல்லிக்குப்பத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் கடலூருக்கு வருகிறவரும் அப்படித்தான். நாலு வேலையும் நடக்கும் தூரத்தில் இருப்பதுதான் கடைத்தெருவின் பலம். நான்கைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கிவிட்டால், அவர் ஒவ்வொரு வேலைக்கும் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு அவருடையது, நஷ்டம் கடைக்காரருடையது.

திருச்சியில் பஞ்சப்பூர் முனையம் 2025-ல் செயல்பாட்டுக்கு வந்தபிறகும் மத்திய பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. அந்தப் பாதையை இங்கேயும் பின்பற்ற வேண்டும். வெளியூர்ப் பேருந்துகள் புதிய நிலையத்துக்குப் போகட்டும். நகரப் பேருந்துகளும் சுற்றுக் கிராமங்களுக்கான பேருந்துகளும் பழைய நிலையத்திலேயே இருக்கட்டும். இரண்டு நிலையங்களுக்கும் இடையே விடியற்காலை முதல் இரவு வரை இணைப்புப் பேருந்து ஓடவேண்டும். இதைத் திறப்பு விழா மேடையில் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. மாமன்றத்திலும் நகர்மன்றத்திலும் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும்.

புதிய நிலையத்தில் கடை ஏலம் தொடங்குமுன், பழைய நிலையத்தில் உண்மையாகக் கடை நடத்துபவர் யார் யார் என்று நேரில் கணக்கெடுக்க வேண்டும். உள்வாடகையில் இருப்பவரையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். விரும்புகிறவருக்குப் புதிய இடத்தில் கட்டக்கூடிய வாடகையில் முதல் உரிமை தரவேண்டும். பழைய இடத்திலேயே இருக்க விரும்புகிறவருக்கு, பேருந்து போனபின் வியாபாரம் எவ்வளவு குறைந்தது என்பதைப் பார்த்து வாடகையைக் குறைக்க வேண்டும். சீல் வைத்த கடையால் மாநகராட்சிக்குச் சல்லிக்காசு வருமானம் இல்லை. பாதி வாடகைக்கு விளக்கு எரியும் கடையால் வருமானமும் உண்டு, தெருவுக்கு உயிரும் உண்டு. காலியான மாடிகளை இ-சேவை மையம், ரத்தப் பரிசோதனை நிலையம், போட்டித் தேர்வு படிப்பகம், மகளிர் சுயஉதவிக் குழு விற்பனையகம் ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் படிக்க இடம் தேடும் பிள்ளைகளுக்கா பஞ்சம்?

வாசலில் பூக்கூடையும் பழத்தட்டும் வைத்திருப்பவர்களை இந்தக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமைய வேண்டிய நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்கள் தேர்தல் மூலம் வரவேண்டும். இடமாற்றம் பற்றி அந்தக் குழுவைக் கேட்காமல் எடுக்கும் முடிவு சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதமானது.

வணிகர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பேருந்து நிலையம் நகரக் கூடாது என்று கடையடைப்பு நடத்தினால் ஒருநாள் செய்தி வரும். நெரிசலில் தவிக்கும் பொதுமக்களின் ஆதரவு வராது. கடைக்கு முன்னால் நடைபாதையில் சரக்கை அடுக்கி, வண்டி நிறுத்த இடமில்லாமல் செய்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று சொல்வதிலும் நியாயம் இல்லை. உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர்கள் சங்கத்துக்குள்ளேயே இருந்தால், அவர்களை முதலில் வெளியே கொண்டுவாருங்கள்.

கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் கடை வாடகையில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தந்த வளாகத்தின் பராமரிப்புக்கு மட்டும் செலவிட்டு, வரவு செலவை ஆண்டுதோறும் வளாக வாசலிலேயே எழுதி ஒட்டவேண்டும். பழைய நிலையங்களின் எதிர்காலத் திட்டம் எழுத்தில் வெளியாகி, வார்டு வாரியாக மக்களிடம் கருத்துக் கேட்டு முடியும்வரை, புதிய நிலையங்களில் ஒரு கடையைக்கூட ஏலத்துக்குக் கொண்டுவரக் கூடாது.