நோயாளியைப் பேச விடுங்கள்

சங்க விழாக்களில் யாராவது என்னைப் பிளாஸ்டிக் சர்ஜன் என்று அறிமுகப்படுத்தினால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "உடம்புக்குள்ளே பிளாஸ்டிக் வைத்துத் தைப்பீர்களா?" என்பது ஒன்று. "சினிமா நடிகைகளின் மூக்கைச் சரிசெய்வது நீங்கள்தானா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். உருக்கொடுத்தல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கடையில் வாங்கும் பக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவதற்குப் பதில்: அழகுக்கான ஆபரேஷனும் எங்கள் துறையில் ஒரு பகுதிதான். ஆனால் இந்தத் தலைநகர் டில்லியில் என் நாட்களின் பெரும்பகுதி தீக்காயங்களிலும், மெஷினில் மாட்டிய கைகளிலும், பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைகளிடமும்தான் கழிகிறது.

யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் தொழிலுக்கு மிக முக்கியமான கருவி எது?" யாராவது கேட்டால் கத்தி என்று சொல்ல மாட்டேன், காது என்பேன்.

காரணம் இருக்கிறது. குடல்வால் வீங்கினால் அதை எடுக்க வேண்டும் என்பதைப் பரிசோதனைகளே பெரும்பாலும் சொல்லிவிடும். எங்கள் துறை அப்படிப்பட்டதல்ல. கன்னத்தில் இரண்டு அங்குலத் தழும்போடு ஒருவர் சிரித்துக்கொண்டே கடை நடத்துவார். அதே அளவு தழும்போடு இன்னொருவர் வீட்டை விட்டே வெளியே வரமாட்டார். எதைச் சரிசெய்ய வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பதை எக்ஸ்ரே காட்டாது. நோயாளிதான் சொல்ல வேண்டும். அவர் சொல்ல, நான் கேட்க வேண்டும்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் நான்கு அங்கங்களை எண்ணுகிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். அந்த வரிசையில் முதலில் நிற்பவர் நோயுற்றவர் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் யாராவது படுத்துவிட்டால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுகிறார், டாக்டர் பதில் சொல்கிறார், மருந்துச் சீட்டு கைமாறுகிறது. நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது இன்னும் பெரிய பிரச்சினை. ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் தாயாருக்கு ஹிந்தி தெரியாது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் மகனோ மருமகளோ பேரனோ மொழிபெயர்ப்பாளராக நிற்கிறார்கள்.

நம் தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! எரிகிறது, குத்துகிறது, கடுக்கிறது, குடைகிறது, சுண்டி இழுக்கிறது, விண் விண் என்று தெறிக்கிறது, மதமதவென்று இருக்கிறது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு தனித் தகவல். கட்டுப் போட்ட கை 'விண் விண்' என்று தெறித்தால் உள்ளே சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனிகள் 'மதமத' என்று ஆனால் கட்டு இறுகி ரத்த ஓட்டத்தையோ நரம்பையோ நெருக்குகிறதா என்று உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது. தீக்காயத்தில் இன்னொரு விசித்திரம். மேலோட்டமான காயம்தான் அதிகம் எரியும். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் வெந்துவிடுவதால் வலியே தெரியாது. "அங்கே வலிக்கவில்லையாம்" என்று வீட்டார் சந்தோஷமாகச் சொல்லும்போதுதான் எனக்குக் கவலை பிறக்கும்.

இத்தனை சொற்களும் மொழிபெயர்ப்பில் என்ன ஆகின்றன? "தர்த் ஹை." அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் ஹிந்தியில் புலி; சந்தேகமில்லை. ஆனால் பாட்டி சொன்ன 'மதமதப்பு' அவன் காதில் விழுந்ததே இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இலக்கியத்தைச் சொல்வதில்லை. பாட்டியின் கையைக் காப்பாற்ற என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மாள், வலது புறங்கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி வந்தார். மகன் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்; பொறுப்பானவர். எத்தனை நாள் ஆகும், தழும்பு தெரியுமா, இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். அம்மாள் மட்டும் வாய் திறக்கவில்லை. நான் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு தமிழில் கேட்டேன்: "அம்மா, கை குணமானதும் முதல்ல என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?" அவர் முகம் மலர்ந்தது. "வாசல்ல ஒரு கோலம் போடணும் தம்பி. பேத்திக்குச் சாதம் பிசைஞ்சு உருட்டிக் குடுக்கணும்."

மகனுக்கு ஆச்சரியம். எனக்கோ சிகிச்சைத் திட்டமே கிடைத்துவிட்டது. கோலத்துக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேர வேண்டும். சாதம் உருட்ட விரல்கள் உள்ளங்கைக்கு மடங்க வேண்டும். தோல் ஒட்டும்போதும், விரல்களை எந்த நிலையில் பட்டை வைத்துக் கட்டுவது என்று தீர்மானிக்கும்போதும் இவை இரண்டும் என் மனத்தில் இருந்தன. பயிற்சிக்கு ரப்பர் பந்தோடு கோல மாவும் வந்தது. ஒட்டிய தோல் சுருங்கிக்கொண்டே வரும் இயல்புடையது. பயிற்சியை விட்டால் விரல் மடங்காது. ரப்பர் பந்தை நான்காவது நாளே மூலையில் போட்டுவிடுவார்கள். கோலத்தை அந்த அம்மாள் விடவில்லை.

நோயாளிக்காக மற்றவர்கள் பேசுவதில் அன்பு மட்டுமே இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. உதடு பிளந்து பிறந்த குழந்தையைத் தூக்கி வரும் இளம் தாயின் பின்னால் அநேகமாக மாமியார் நிற்பார். நான் கேட்குமுன்பே, "கிரகணத்தன்னிக்கு வெளியே போனா டாக்டர், சொன்னால் கேட்டால்தானே" என்பார். தாய் தலை குனிந்து நிற்பாள். உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. கருவில் மேலுதடு ஒன்றுசேர்வது நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையே. தான் கர்ப்பமாக இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத சமயம் அது. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் உதட்டையும், ஒரு வயதையொட்டி அண்ணத்தையும் தைக்கலாம். இதைத் தாயிடம் தனியாகச் சொல்லி அனுப்பினால் போதாது. மாமியாரையும் உட்காரவைத்து, "உங்கள் மருமகள் மேல் ஒரு தப்பும் இல்லை" என்று அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தையல் பின்னால். தாய்க்கு இந்த வார்த்தைதான் முதல் சிகிச்சை.

பெண் பார்க்க வருவதற்கு முன் மூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று பெற்றோர் அழைத்து வரும் பெண்களும் உண்டு. பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு வேண்டுமாம்மா?" என்று கேட்பேன். "அப்பாவுக்குத்தான்" என்று பதில் வந்தால் கத்தியைத் தொடமாட்டேன். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி அழைத்து வரப்படும் மனைவிமார்கள் விஷயமும் அப்படித்தான். உடன் வந்தவர்கள் அறையை விட்டு வெளியேறிய பின் வெளிவரும் காரணம் சில சமயம் வேறாக இருக்கும். அங்கே கணவனே மொழிபெயர்ப்பாளனாக நின்றால் அந்தப் பெண் யாரிடம் சொல்வாள்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. டில்லி வழக்கு ஒன்றில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பரிசோதனைக்காக மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டிருந்த ஒரு பெண்மணிக்கு, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த நோயாளிக்குப் பதிலாகப் பெற்ற தாய் தரும் சம்மதமும் செல்லாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, அதில் ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குச் சொல்லிய பிறகு வாங்குவதே சம்மதம். நடைமுறையில் என்ன நடக்கிறது? இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ அச்சடித்த தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்கிறார்கள். நாமும் பேனாவை எடுத்துவிடுகிறோம்.

டாக்டர்களுக்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில் நிற்கும் வரிசையை நானும் பார்த்தவன். மறுக்கவில்லை. ஆனால் பேசாமல் மிச்சம் பிடிக்கும் ஐந்து நிமிடம் பிற்பாடு ஐந்து மடங்காகச் செலவாகிறது. "தழும்பே தெரியாது" என்று சொல்லி ஆபரேஷன் செய்தால் அடுத்த ஒரு வருடம் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தோலை வெட்டினால் தழும்பு உண்டு. அதை மெலிதாக்கலாம், மடிப்புக்குள் மறைக்கலாம், இல்லாமல் செய்ய முடியாது. முதல் சில மாதம் சிவந்து தடித்துத்தான் இருக்கும், அடங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். சிலர் எழுந்து வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். போகட்டும். முகத்தில் கட்டுப் பிரித்து முதன்முதலாகக் கண்ணாடி பார்க்கும்போது நோயாளி தனியாக இருக்கக் கூடாது என்பதும் என் வழக்கம். அந்த இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஆபரேஷனைச் சேர்ந்ததுதான்.

இதில் எனக்கு முன்னோடி தமிழ் மண்ணிலேயே இருந்தார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை நிமிர்த்திக் காட்டியவர். கை நேரானதும் வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. திரும்பி வந்த நோயாளிகள் சொன்ன குறையைக் கேட்டார். நேரான கைக்குப் பிச்சை விழவில்லை. நோயின் அடையாளம் இருந்ததால் யாரும் வேலையும் தரவில்லை. ஆகவே அவர்களுக்குத் தொழில் பழக்க ஓர் இடம் உண்டாக்கினார். உதிர்ந்த புருவத்தையும் அமுங்கிய மூக்கையும் சீரமைப்பதும் அங்கே சிகிச்சையில் சேர்ந்தது. நோயாளிகள் குறை சொன்னதும், ஒரு டாக்டர் அதைக் கேட்டதும்தான் இதற்கெல்லாம் தொடக்கம்.

ஆகவே ஆர்.கே.புரத்திலும் கரோல் பாகிலும் மயூர் விஹாரிலும் இதைப் படிக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் நோயாளி சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து தடவியிருந்தால் மறைக்காதீர்கள். நான் திட்டமாட்டேன், ஆனால் தெரிய வேண்டும். மொழிபெயர்க்கும்போது சுருக்காதீர்கள், சேர்க்காதீர்கள். கெட்ட செய்தியை டாக்டர் சொன்னால், "அம்மாவிடம் சொல்ல வேண்டாம்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், போடவும் விடாதீர்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகிறோம். அதோடு, தமிழும் ஹிந்தியும் நன்றாகத் தெரிந்த, ஓய்வு பெற்ற பத்துப் பேர் முன்வந்தால் போதும். வாரத்தில் ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரிகளில் நம் மக்களுக்கு மொழித் துணையாக நிற்கலாம். பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கும் நம் பெண்களுக்கு மகன் ஆபீசிலிருந்து லீவு போட்டுவிட்டு வரமாட்டார். அவர்களுக்கு இந்தத் துணை இன்னும் அதிகம் தேவை. குடும்பத்தைச் சேராத ஒருவர் என்பதால் மாமியார் முன்னால் சொல்ல முடியாததையும் அவர்கள் சொல்வார்கள். கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. எப்படிக் கேட்பது, எதை அப்படியே சொல்வது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுக்க நான் தயார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லிவையுங்கள்.